ஆட்டை விடுவது சுலபம், வெளியே எடுப்பதுதான் வேலை: மார்ல்பரோ திராட்சைத் தோட்டங்களில் செம்மறி

திராட்சைத் தோட்டத்துக்குள் ஆட்டை விடலாமா என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் சிரிப்பார்கள். ஆடாதொடையைத் தவிர ஆடு வாய் வைக்காத செடி ஏது? ஆனால் நியூசிலாந்தின் தென் தீவில், வடகிழக்கு மூலையில் இருக்கிற மார்ல்பரோவில் ஒவ்வொரு குளிர்காலமும் திராட்சை வரிசைகளுக்கு நடுவே செம்மறி மந்தைகள் மேய்கின்றன. அது மட்டும் இல்லை. கோடையில் கொடியில் இலையும் பிஞ்சும் இருக்கும்போதே மறுபடி உள்ளே விட்டு, வேண்டுமென்றே இலையைத் தின்னவைத்து, குலையில் வாய் வைப்பதற்குள் வெளியே ஓட்டிவிடுகிற தோட்டங்களும் அங்கே உண்டு. கொடியும் பிழைக்கிறது, ஆடும் தேறுகிறது.

இது எப்படி முடிகிறது, எங்கே சொதப்பும், இதே வேலையை வேறு வழியில் முயன்றவர்கள் என்ன கண்டார்கள் என்று பார்க்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் "எந்த இன ஆடு கொடியைக் கடிக்காது?" என்றுதான் கேட்கிறார்கள். தப்பான கேள்வி. கொடியைக் கடிக்காத இனம் என்று ஒன்று கிடையாது. இலை ஆட்டுக்கு எட்டுமா எட்டாதா, வயிறு நிறைய வேறு தீனி இருக்கிறதா, எந்தத் தேதியில் வெளியே எடுக்கிறோம், இந்த மூன்றும்தான் கொடியைக் காப்பாற்றுகின்றன. அதிலும் தேதிதான் முதல்.

மந்தை போய்த் திரும்பி வந்த ஊர்

மார்ல்பரோ ஆதியில் ஆட்டு ஊர். 1973-இல் மொன்டானா என்ற ஒயின் நிறுவனம் பிராங்காட் பகுதியில் வணிக அளவில் கொடி நடும் வரை இங்கிருக்கிற வைராவ் சமவெளியில் புல்லும் தானியமும் செம்மறியும்தான். பிறகு சாவிஞான் பிளாங்க் என்ற திராட்சை ரகத்தின் ஒயின் உலகம் முழுக்க விலைபோக ஆரம்பித்ததும் சமவெளி கிட்டத்தட்ட மொத்தமாகவே கொடிக்கு மாறியது. இன்றைக்குச் சுமார் 30,000 ஹெக்டேர். நாட்டின் திராட்சைப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இங்கேதான். அதே காலத்தில் ஆடு குறைந்துகொண்டே வந்தது. 1982-இல் நியூசிலாந்தில் 7 கோடி செம்மறி; இப்போது அதில் மூன்றில் ஒரு பங்குதான். மேட்டு நிலத்துக்கு ஒதுங்கிய ஆட்டுக்காரர்தான் குளிர்காலத்தில் பசும்புல் தேடி, ஒரு காலத்தில் தன் தாத்தா மேய்த்திருக்கக்கூடிய அதே சமவெளிக்கு மந்தையை லாரியில் இறக்குகிறார்.

நம் ஊர்க் கீதாரிகள் அறுப்பு முடிந்த வயலில் கிடை போடுவது மாதிரிதான் இதுவும். ஒரே வித்தியாசம், வயலில் அறுப்புக்குப் பிறகு கெட்டுப்போக ஒன்றும் மிச்சம் இருக்காது. இங்கே இன்னும் இருபது முப்பது வருஷம் காய்க்க வேண்டிய கொடி நின்றுகொண்டிருக்கும், அதோடு கம்பியும் கம்பமும் சொட்டுநீர்க் குழாயும்.

தோட்டக்காரருக்கு என்ன லாபம்? வரிசைகளுக்கு நடுவே புல் வளர்த்திருப்பார்கள், அதை வருஷத்துக்குப் பல தடவை டிராக்டர் ஓட்டி வெட்ட வேண்டும். கொடிக்கு நேர் கீழே ஒரு பட்டை மாதிரி களைக்கொல்லி அடித்து வெறுமையாக வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் காசு. மெரிடித் நைல்ஸ் என்பவரும் அவர் குழுவும் நியூசிலாந்துத் திராட்சை விவசாயிகளிடம் பேசி எழுதிய ஆய்வு 2018-இல் வந்தது. அதன்படி, ஆடு விடுகிறவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 1.3 களைக்கொல்லித் தெளிப்பையும் 2.2 புல்வெட்டையும் மிச்சம் பிடிக்கிறார்கள், ஹெக்டேருக்கு 64 அமெரிக்க டாலர். தொகையாகப் பார்த்தால் பிரமாதம் ஒன்றும் இல்லை. ஆனால் மார்ல்பரோத் தோட்டங்களில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு அசராத ரைகிராஸ் புல் 2012 வாக்கிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அடித்தும் சாகாத புல்லுக்கு மறுபடி மறுபடி அதையே அடிப்பதைவிட, அதை விரும்பித் தின்கிற வாய் ஒன்றை உள்ளே விடுவது புத்திசாலித்தனம். ரைகிராஸ் ஆட்டுக்குப் பிரியமான தீனி. 64 டாலரைவிட இதைத்தான் நான் பெரிய காரணமாக நினைக்கிறேன்.

குளிர்காலம்: எளிதான பாதி

தென்கோளம் என்பதால் மாதங்கள் தலைகீழ். மார்ச், ஏப்ரலில் அறுவடை. மே மாதத்தில் இலை பழுத்து உதிரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொடி உறக்கம், அப்போதுதான் கவாத்து. செப்டம்பரில் துளிர். டிசம்பரில் பூ, பிப்ரவரியில் காய் செங்காயாகி இளகத் தொடங்கும்.

அறுவடை முடிந்ததும் ஆடு உள்ளே வரலாம். விட்டுப்போன குலை, கடைசி இலை எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் புல்லுக்குப் போகும். இங்கே முதல் எச்சரிக்கை: பழுத்த திராட்சை நிறையக் கிடக்கிற இடத்தில் பசித்த மந்தையைத் திடீரென்று விட்டால் இரைப்பையில் சர்க்கரை புளித்து அமிலம் ஏறி ஆடு படுத்துவிடும். வயிறு நிறையப் புல்லோ வைக்கோலோ தின்ற ஆட்டை விட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

ஆடு புல்லைத் தின்னும் வரிசையைக் கவனித்தால் ஒன்று புரியும். முதலில் நடு வரிசையில் இளம்புல், அப்புறம் ஓரம். கொடியின் அடியில் இருக்கிற முரட்டுக் களையைக் கடைசியில்தான் தொடும், தொடாமலும் போகும். பெரிய தோட்டத்தில் நூறு ஆட்டைப் பரப்பி விட்டு ஒரு மாதம் அப்படியே வைத்தால் நடுவில் மொட்டையாகவும் அடியில் களை முழங்கால் உயரமாகவும் நிற்கும். அதனால் அனுபவம் உள்ளவர்கள் மின்வேலி போட்டுத் தோட்டத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, நிறைய ஆட்டைக் கொஞ்ச நாள் நெருக்கி வைத்து நகர்த்துகிறார்கள். போட்டி இருந்தால் ஆடு பொறுக்கித் தின்னாது, கிடைத்ததைத் தின்னும். புழுக்கையும் ஓரளவு சமமாக விழும், இல்லாவிட்டால் இரவு படுக்கிற வேலியோரத்தில் மட்டும் குவிந்து அந்தப் பக்கத்துக் கொடி மட்டும் தழைத்துத் தள்ளும்.

மழை பெய்து மண் சொதசொதவென்று இருக்கும்போது இதே நெருக்கம் வினையாகிவிடும். குளம்பு பட்டு மண் இறுகினால் அதைத் திரும்பத் தளர்த்த வருஷக்கணக்கு ஆகும். மேட்டிலோ வடிகால் நல்ல நிலத்திலோ ஒதுக்கிடம் ஒன்றைக் கைவசம் வைத்திருக்காமல் கனமான களிமண் தோட்டத்தில் ஆடு விடக் கூடாது.

குட்டையான புல்லுக்கு இன்னொரு பலன் உண்டு, நமக்குச் சட்டென்று தோன்றாதது. வசந்தத்தில் துளிர் வந்த பிறகு உறைபனி விழுந்தால் அந்த வருஷம் போச்சு. உயரமான புல் மண்ணைப் போர்வை மாதிரி மூடி, பகலில் மண் வாங்கிய சூடு இரவில் மேலே வருவதைத் தடுக்கும். புல் ஒட்ட மேய்ந்த நிலத்தில் கொடிப் பக்கத்துக் காற்று கொஞ்சம் கதகதப்பாக நிற்கும். ஆக, துளிர்ப்புக்கு முந்தின மேய்ச்சல் இரட்டை வேலை செய்கிறது.

இப்போது அந்தத் தேதி. மார்ல்பரோவில் பெரும்பாலும் கவாத்து செய்து விட்ட நீண்ட கொடிக்கொம்புகளைக் கீழ்க்கம்பியில் படுக்கைவசமாகக் கட்டுவார்கள். அந்தக் கம்பி தரையிலிருந்து சுமார் 90 செ.மீ. சாதாரணச் செம்மறிக்கு அது தாராளமாக எட்டும். உறக்கத்தில் இருக்கும்போது மொட்டு இறுகிய பழுப்புச் செதிலாக, மரக்கட்டை மாதிரி இருக்கும், ஆட்டுக்கு அதில் ருசி இல்லை. ஆகஸ்ட் கடைசியில் அது வீங்கும், செதில் விலகும், உள்ளே பஞ்சு மாதிரி மெல்லிய இழை தெரியும், அப்புறம் இளஞ்சிவப்பும் பச்சையுமாக ஒரு முனை. அந்த முனைக்குள்தான் அந்த வருஷத்துக் குலைகளின் கரு இருக்கிறது. முந்தின வருஷமே உருவாகிவிட்டது அது. ஆடு உதட்டால் ஒரு இழுப்பு இழுத்தால் போயிற்று. பக்கத்தில் இருக்கிற உதவி மொட்டு துளிர்க்கும்தான், கொடி சாகாது, ஆனால் அதில் காய் குறைவு. ஒரு மந்தை ஒரே பகலில் எத்தனை மொட்டைத் தின்னும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே துளிர்த்த பிறகு ஓட்டுவது என்பது ஓட்டாததற்குச் சமம். மொட்டு வீங்கத் தொடங்கியதுமே வெளியே. அதுவும் எல்லா வரிசையும் ஒன்றுபோலத் துளிர்க்காது. வெயில் படுகிற சரிவு, சீக்கிரம் துளிர்க்கிற ரகம், இவை ஒரு வாரம் முந்திக்கொள்ளும். அந்த இடங்களை முதலில் காலிசெய்துவிட்டு, மந்தையைத் தாமதமாக விழிக்கிற பகுதிக்குத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் வெளியேற்றுவதுதான் முறை. லாரி கிடைக்கவில்லை, ஆட்டுக்காரர் குட்டி ஈனும் வேலையில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை என்று நான்கு நாள் தள்ளிப்போனால் நான்கு நாள் மொட்டு போகும்.

கோடை: இலை பறிக்கிற ஆடு

இதுதான் இந்த ஊரின் அசல் துணிச்சல். சாவிஞான் பிளாங்க் குலை நெருக்கமானது, மழை பெய்தால் சாம்பல் அழுகல் பிடிக்கும். பாட்ரிடிஸ் பூஞ்சாணத்தின் வேலை. குலையைச் சுற்றி இருக்கிற இலையை எடுத்துக் காற்றும் வெயிலும் போகவிட்டால் அழுகல் குறையும், தெளிக்கிற மருந்தும் குலையில் போய்ப் படும். இதை ஆள் வைத்துச் செய்வார்கள், டிராக்டரில் மாட்டிய எந்திரம் வைத்துச் செய்வார்கள், அல்லது ஆடு.

ஆடு ஏன் இலையை எடுத்துக் காயை விடுகிறது? காய் பிடித்து, மிளகிலிருந்து பட்டாணி அளவுக்குள் இருக்கும்போது அது கெட்டியாக, கடுகடுவென்று புளிப்பாக இருக்கும். இலை அப்போது இளசு. ஆட்டுக்கு இரண்டும் எதிரே இருந்தால் இலையைத்தான் எடுக்கும். செம்மறிக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கெட்டியான ஈறுதான். பிளவுபட்ட மேலுதட்டால் இலையைச் சேர்த்துப் பிடித்து, கீழ்ப்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்துத் தலையைப் பின்னால் ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். திராட்சை இலை காம்போடு கழன்று வரும். குலைக்காம்பு அவ்வளவு சுலபமாக வராது. தண்டில் கிளம்புகிற வெட்டித் துளிரையும் தின்றுவிடும், அதற்குத் தனியாக ஆள் குனிந்து கிள்ளிக்கொண்டிருக்க வேண்டாம். குலைக்குள் சிக்கியிருக்கிற காய்ந்த பூச்சருகும் ஆடு உரசி இழுக்கிற இழுப்பில் கொஞ்சம் உதிரும்; அழுகல் கிளம்புகிற இடங்களில் அந்தச் சருகும் ஒன்று.

காலம் இவ்வளவுதான்: காய் பிடித்த பிறகு, குலையில் காய்கள் ஒன்றையொன்று தொட்டு மூடிக்கொள்வதற்கு முன்பு. பூக்கிற வாரத்தில் கூடாது. காய் இளகி இனிப்பு ஏறத் தொடங்கினால் ஆட்டின் ருசி ஒரே நாளில் மாறிவிடும், அப்புறம் இலையை யார் சீண்டுவார்கள்? இந்த இடைவெளியிலும் சில நாள் வேலைதான். நெருக்கமாக விட்டு, எட்டுகிற உயரத்தில் இலை தீர்ந்ததும் உடனே அடுத்த பகுதிக்கு. இலை தீர்ந்த பிறகும் வைத்திருந்தால் காயைத் தின்னும், அல்லது நிமிர்ந்து மேல் இலையை இழுத்துத் துளிர் முனையை முறிக்கும். பெரிய தாய் ஆட்டைவிடக் குட்டிப் பருவம் தாண்டிய இளம் ஆடு இதற்கு வசதி, எட்டுகிற உயரம் கட்டுக்குள் இருக்கும். காலையும் மாலையும் யாராவது வரிசைக்குள் நடந்து பார்த்தாக வேண்டும், வேறு வழியே இல்லை. வாசலில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தால் முதல் இரண்டு வரிசைதான் தெரியும், ஆடு தின்றுகொண்டிருப்பது உள்ளே.

குறை இல்லாமல் இல்லை. எந்திரம் வைத்திருக்கிறவர் காலை வெயில் படுகிற பக்கத்தில் மட்டும் இலையை எடுத்து, சுள்ளென்று அடிக்கிற மாலை வெயில் பக்கத்தில் விட்டுவைக்க முடியும். நியூசிலாந்து வெயிலில் புற ஊதாக் கதிர் உக்கிரம் அதிகம், காய் வெந்துபோகும். ஆட்டிடம் மேற்குப் பக்கத்தை விடு என்று சொல்ல முடியாது. அழுகல் பயம் அதிகமான, இலை அடர்ந்த தோட்டத்துக்கு ஆடு நல்லது. ஏற்கெனவே இலை குறைவான, வறண்ட சரிவில் இருக்கிற கொடிக்கு வேண்டாம் என்பேன்.

ஆட்டுக்காரர் பக்கம் பார்த்தால் காலம் கச்சிதமாகப் பொருந்துகிறது. நவம்பர், டிசம்பரில் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பார்கள், அப்போதுதான் மேட்டு நிலத்தில் புல் காயத் தொடங்கும். கீழே தோட்டத்தில் பச்சை.

சின்ன ஆடு, வயிற்றுவலி வைத்தியம், உயரக் கம்பி

தேதிக்குப் பயந்து வாழாமல் வருஷம் முழுக்க ஆட்டை உள்ளேயே வைத்திருக்க முடியாதா என்று யோசித்தவர்கள் உண்டு. மார்ல்பரோவிலேயே அவடெரி பள்ளத்தாக்கில், செடன் ஊர்ப் பக்கம், 2008-இல் திறந்த யீலண்ட்ஸ் எஸ்டேட் இதில் பேர்போனது. அதன் நிறுவனர் பீட்டர் யீலண்ட்ஸ் முதலில் பெரிய வகைக் கினிப் பன்றிகளை விட்டுப் பார்த்தார். அவை கொடியைத் தொடவில்லை, புல்லைத் தின்றன, எல்லாம் சரி. பருந்துகள் அவற்றைத் தின்றன. பிறகுதான் பேபிடால் செம்மறியைக் கொண்டுவந்தார். பொம்மை மாதிரிக் குட்டை ஆடு, தோள் உயரம் 60 செ.மீ. தாண்டாது, கழுத்தை நீட்டினாலும் குலைக்கு எட்டுவது கஷ்டம். படம் பிடிக்க அழகு, சுற்றுலாக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் இந்த இனம் எண்ணிக்கையில் குறைவு, விலை அதிகம், கறியும் கம்மி. ஆயிரம் ஹெக்டேரை இதை வைத்து மேய்ப்பது நடக்கிற காரியம் இல்லை. குட்டை இனம் பற்றிக் கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: பத்து ஏக்கர் சொந்தத் தோட்டமும் பொறுமையும் இருந்தால் சரி. அப்போதும் கொடிக்கொம்பு தாழ்ந்து தொங்கினால் அதுவும் கடிக்கும்.

இரண்டாவது வழி, ஆட்டுக்கே திராட்சை இலை மேல் வெறுப்பு வரவைப்பது. 1955-இல் ஜான் கார்சியா எலிகளிடம் காட்டிய விஷயம் இது: புதிதாக ஒன்றைத் தின்று, உடனே குமட்டல் வந்தால் அந்த ருசியை விலங்கு மறக்காது. உட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரெட் புரொவென்சா இதை ஆடு மாடுகளில் நிறைய ஆராய்ந்தார். 2000-களின் பிற்பாதியில் கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழக ஆட்கள் திராட்சைத் தோட்டத்துக்காக இதைச் செய்து பார்த்தார்கள், பார்சிலோனாவில் ஒரு குழு ஆலிவ் இலைக்காக. முறை எளிது. ஆடு இதுவரை பார்க்காத இலையைத் தின்னக் கொடுத்து, தின்றதும் லித்தியம் குளோரைடு என்ற உப்பைப் புகட்டுவார்கள், உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சுற்றி. 40 கிலோ ஆட்டுக்கு 8 கிராம். வயிறு கலங்கி, சோர்ந்து படுத்து, எழுந்த ஆடு அடுத்த தடவை அந்த இலையை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். மாதக்கணக்கில் நிற்கிறது இந்த ஞாபகம்.

கேட்க அற்புதமாக இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே திராட்சை இலை தின்று பழகிய ஆட்டிடம் பலிப்பது குறைவு. வெறுப்பு வராத நாலு ஆடு கூட்டத்தில் கலந்து மொறுமொறுவென்று தின்றால், பக்கத்தில் இருக்கிறதும் ஒரு வாய் வைத்துப் பார்க்கும். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் வைத்தியம் முடிந்தது. புல் தீர்ந்து பசி வந்தாலும் அதே கதை. அமெரிக்காவில் இந்த உப்பு ஆடு மாடுகளுக்கு அனுமதிக்கப்பட்ட மருந்தும் அல்ல, கறிக்குப் போகிற ஆட்டுக்குக் கொடுத்தால் சட்டச் சிக்கல். அறிவியலாக எனக்குப் பிடித்த ஆராய்ச்சி. இதை நம்பித் தோட்டத்தைத் திறந்துவிடச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வழிதான் எனக்கு நேர்மையாகப் படுகிறது: கொடியை உயர்த்திவிடுவது. கலிபோர்னியாவில் பைசினெஸ் பண்ணையில் கெல்லி மல்வில் என்பவர் தோட்டத்தை வடிவமைக்கும்போதே ஆட்டை மனதில் வைத்து, கொடியின் கை ஐந்தடிக்கும் மேலே போகிற மாதிரி கம்பி கட்டினார். கொடி வளரும் காலத்திலும் கீழே ஆடு மேயலாம். ஏற்கெனவே 90 செ.மீ. கம்பியில் பழக்கிய தோட்டத்தை இப்படி மாற்றுவது பெருஞ்செலவு, புதிதாக நடுகிறவர்தான் செய்ய முடியும்.

படிக்கிற கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். நம் பன்னீர் திராட்சை பந்தலில்தான் படர்கிறது, ஆள் தலைக்கு மேலே. உயரக் கணக்கை நாம் எப்போதோ முடித்துவிட்டோம். ஆனால் மார்ல்பரோவின் குளிர்கால உறக்கம் நமக்கு இல்லை. கொடி ஏறக்குறைய எப்போதும் விழித்திருக்கிறது, கவாத்து முடிந்து சில நாளில் துளிர். அதனால் நம்மிடம் தேதி உதவாது, உயரம் மட்டும்தான் காவல். பந்தலை எட்டாத இளங்கொடி உள்ள பகுதியில் ஆட்டை விடவே கூடாது. வெள்ளாடு எந்தப் பகுதியிலும் வேண்டாம். பின்னங்காலில் நின்று தண்டில் முன்னங்காலை ஊன்றி எட்டுகிற பிராணிக்குப் பந்தல் ஒரு பொருட்டே அல்ல.

செம்பு

கொடிக்கு ஆடு செய்கிற கெடுதலைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், தோட்டம் ஆட்டுக்குச் செய்கிற கெடுதல் ஒன்று இருக்கிறது. பிரான்சில் 1885 வாக்கில் மில்லார்டே அறிவித்த போர்டோ கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும், இன்றும் திராட்சைக்கு அடிக்கிற மருந்து. அதில் இருக்கிற செம்பை வெளியேற்றுகிற திறமை செம்மறிக்கு மிகக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் செம்மறித் தீவனத்தில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் செம்புக்கு மேல் இருக்கக் கூடாது. வெள்ளாட்டுக்கு 35 வரை போகலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 சதவீத போர்டோ கலவையில் லிட்டருக்கு 10 கிராம் மயில்துத்தம், அதில் கால்வாசி செம்பு, அதாவது 2,500 மில்லிகிராம். அந்த ஒரு லிட்டர் கீழே சொட்டி, காய்ந்த எடையில் 100 கிலோ வருகிற புல்லில் சமமாகப் படிந்தால் கிலோவுக்கு 25 மில்லிகிராம். புல்லில் இயல்பாக இருக்கிற செம்பு தனி. பந்தலில் அடிக்கிற மருந்து நேராகக் கீழே இருக்கிற புல்லில்தான் சொட்டுகிறது.

இதில் கொடுமை என்னவென்றால் ஆடு உடனே சாகாது. செம்பு ஈரலில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சேரும், ஆடு பார்க்க நன்றாகவே இருக்கும். பிறகு ஒரு நாள் லாரியில் ஏற்றுவது, நாய் துரத்துவது, தீனி மாற்றம், இப்படி ஏதாவது ஒரு அதிர்ச்சியில் ஈரல் மொத்தத்தையும் இரத்தத்தில் கொட்டிவிடும். சிவப்பணு உடைந்து, கண்ணும் ஈறும் மஞ்சளாகி, சிறுநீர் கறுஞ்சிவப்பாக வந்து, ஓரிரு நாளில் முடிந்துவிடும். அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் துப்பாக்கி இரும்பு நிறத்தில் கறுத்திருக்கும். டெக்செல் இனம் இதில் ரொம்ப பலவீனம். செம்பு மருந்தை வழக்கமாக அடிக்கிற தோட்டத்தில் மந்தையை மாதக்கணக்கில் வைக்காதீர்கள், அங்கே மேய்கிற ஆட்டுக்குச் செம்பு சேர்ந்த தாது உப்பு வைக்காதீர்கள், மாட்டுத் தீவனத்தையும் போடாதீர்கள். சந்தேகம் வந்தால் கால்நடை மருத்துவரிடம் இரத்தமோ, கறிக்கு அறுத்த ஆட்டின் ஈரலோ கொடுத்துச் சோதிக்கலாம். செம்பு இல்லாத மற்றத் தெளிப்பு மருந்துகளுக்கும் தெளித்த பிறகு எத்தனை நாள் மேய்க்கக் கூடாது என்று டப்பாவில் போட்டிருக்கும், போடவில்லை என்றால் மேய்க்கலாம் என்று அர்த்தம் இல்லை.

பழமரத் தோப்பு என்றால்

மரத்தில் பிரச்சினை இலை இல்லை, பட்டை. ஆப்பிள் மரத்தின் பட்டையைச் செம்மறி உரித்துத் தின்னும். சுற்றிலும் வளையமாக உரித்துவிட்டால் அந்த மரம் முடிந்தது. இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் இனத்துக்கு மரத்தைக் கெடுக்காது என்று நல்ல பேர், கிறிஸ்துமஸ் மரத் தோப்புகளில்கூட விடுகிறார்கள். பேர் ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் நார்த்தீனி பற்றாமல் வெறும் இளம்புல்லை மட்டும் தின்கிற எந்த ஆடும் பட்டையைத் தேடும், ஷ்ராப்ஷயரும் சேர்த்தி. ஒரு கட்டு வைக்கோலோ காய்ந்த புல்லோ தோப்பில் எப்போதும் கிடக்கட்டும், அடிமரத்துக்குக் கம்பிவலைச் சுற்று போடுங்கள், கன்று மரம் உள்ள இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு மரத்தில் புதிதாகப் பல் பட்ட தடம் தெரிந்தால் அன்றைக்கே மந்தையை மாற்ற வேண்டும், ஒன்று ஆரம்பித்தால் மற்றதும் பார்த்துப் பழகும். செர்ரி, பிளம் தோப்பில் முறிந்து வாடிய கிளையை உடனே அப்புறப்படுத்துங்கள். வாடிய இலையில் சயனைடு உண்டாகும், கொஞ்சம் தின்றாலே ஆபத்து.

தரையில் விழுந்ததைப் பொறுக்குகிற வால்நட், பாதாம் மாதிரி தோட்டங்களில் புழுக்கையும் கணக்கில் வரும். அமெரிக்க இயற்கை வேளாண்மை விதியில் மக்கவைக்காத கால்நடை எருவுக்கு ஒரு காலவரை உண்டு: விளைபொருள் மண்ணைத் தொடுமானால் அறுவடைக்கு 120 நாள் முன்னால், தொடாவிட்டால் 90 நாள் முன்னால் நிறுத்த வேண்டும். மேய்கிற ஆட்டுக்கென்று எழுதிய விதி இல்லை என்றாலும் பலர் அதையே அளவாக வைத்துக்கொள்கிறார்கள்.

யார் சொன்னால் ஆடு வெளியே போகும்?

மார்ல்பரோ ஏற்பாட்டில் பெரும்பாலும் கொடி ஒருவருடையது, ஆடு இன்னொருவருடையது. சில இடத்தில் ஆட்டுக்காரர் தலைக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பார், சில இடத்தில் புல் வெட்டுகிற வேலைக்குப் பதில் மேய்ச்சல், காசே கிடையாது. காசு பெரிய சண்டையாவதில்லை. சண்டை வருவதெல்லாம் வேலி யார் போடுவது, உடைந்த சொட்டுநீர்க் குழாய் யார் கணக்கு, எந்த நாள் வெளியே என்பதில்தான். சொட்டுநீர்க் குழாய் கொடிக்கம்பியில் தாழத் தொங்குவதால் ஆடு உரசியே கிளிப் கழன்றுவிடும், மந்தை போன பிறகு வரிசை வரிசையாக நடந்து பார்த்தால்தான் தெரியும். வேலியும் அப்படித்தான், திராட்சைக்காகப் போட்ட எல்லைக்கம்பி ஆட்டை நிறுத்தாது. வரிசைக்குள் நாயை விட்டு ஓட்டுவதும் திறந்தவெளி மாதிரி இல்லை. ஆடு கொடிக்கு அடியில் நுழைந்து அடுத்த வரிசைக்குப் போய்விடும், நாய்க்கும் ஆளுக்கும் கண்ணில் படாது. வாளிச் சத்தத்துக்கு வந்து பழகிய மந்தை என்றால் பாதி வேலை மிச்சம்.

பேசும்போது மூன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே எடுக்கச் சொல்லும் அதிகாரம் கொடிக்காரருக்கு மட்டும். சொன்னதிலிருந்து ஒரு நாளைக்குள் மந்தை நகர வேண்டும். அப்படி நகர்த்தினால் போய் நிற்க வேறு மேய்ச்சல் நிலம் ஒன்று ஆட்டுக்காரரிடம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். மூன்றாவதைக் கேட்காமல் விடுகிறவர்கள்தான் செப்டம்பரில் மொட்டை இழக்கிறார்கள், போக இடம் இல்லாத மந்தையை யாராலும் வெளியேற்ற முடியாது. கொடிக்காரரும் பதிலுக்குத் தன் தெளிப்புக் குறிப்பேட்டின் நகலை ஆட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும், எந்தத் தேதியில் எந்த மருந்து, அதில் செம்பு உண்டா இல்லையா என்பதோடு.